புது ஏர் ரைஃபிள், க்ரூப் (குண்டுகள் ஒரே இடத்தில் நெருங்கி விழுவது) வரவில்லை. பேரலை (குழலை) மாற்றத்தான் வேண்டுமா?

திருப்பூர் அப்பா:

வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். ஒன்றரை வருடமாக 10 மீட்டர் ஏர் ரைஃபிள், பீப் சைட் (சிறு துளை வழியாகக் குறி பார்ப்பது) பிரிவு. இதுவரை கிளப்பில் இருந்த பழைய துப்பாக்கியில்தான் சுட்டாள். அதில் 40 குண்டுக்கு, 400-க்கு 360-ஐ ஒட்டி வந்துகொண்டிருந்தது.

மூன்று மாதம் முன்பு சீட்டு எடுத்துப் புதிது வாங்கிக் கொடுத்தேன். காற்றுச் சிலிண்டர் வகை, அந்தக் கம்பெனியின் மேட்ச் (போட்டி) வரிசையில் இருப்பதிலேயே விலை குறைந்தது. வாங்கியபடியே இருக்கிறது, ஒரு ஸ்க்ரூகூடத் திருகவில்லை. ஆனால் ஸ்கோர் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. போன வாரம் 352. 7, 8 எல்லாம் விழுகிறது, அதிலும் பாதி இடது கீழ்ப் பக்கம்.

கிளப்பில் ஒருவர், "ஃபேக்டரி பேரல் அப்படித்தான் இருக்கும் சார், வேறு பேரல் போட்டு ட்ரிக்கரையும் ட்யூன் பண்ணினால்தான் சரிப்படும்" என்கிறார். முப்பதாயிரம் ஆகுமாம். எனக்குத் துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது, பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். பொண்ணு வேறு, துப்பாக்கியை மாற்றியது தன்னால்தான் தப்பாகிவிட்டது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். என்ன செய்யலாம்?

பத்தாவது மீட்டர்:

சார், முப்பதாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். முதலில் மூன்று கேள்வி. ஒன்று, பெட்டிக்குள் ஒரு டெஸ்ட் கார்டு (ஃபேக்டரியில் சுட்டுப் பார்த்த அட்டை) இருந்திருக்கும், பார்த்தீர்களா? இரண்டு, என்ன பெல்லட் (ஏர் ரைஃபிளில் போடும் சின்னக் குண்டு) போடுகிறீர்கள்? மூன்று, அந்தத் துப்பாக்கியை மணல் மூட்டையில் வைத்து யாராவது சுட்டுப் பார்த்தார்களா?

ஏன் கேட்கிறேன் என்றால், 10 மீட்டர் கார்டில் (சுடும் இலக்கு அட்டையில்) பத்தாம் வளையம் வெறும் 0.5 மி.மீ. புள்ளி. பெல்லட்டின் குறுக்களவு 4.5 மி.மீ. ஓட்டையின் ஓரம் அந்தப் புள்ளியைத் தொட்டாலே 10. அப்படியென்றால் ஓட்டையின் நடு, கார்டின் நடுவிலிருந்து 2.5 மி.மீ. வரை விலகினாலும் பத்துதான். அதற்கப்புறம் ஒவ்வொரு 2.5 மி.மீ.க்கும் ஒரு புள்ளி குறையும். 7 விழ வேண்டுமென்றால் ஓட்டையின் நடு 7.5 மி.மீ.க்கும் மேல் தள்ளிப் போயிருக்க வேண்டும். மேட்ச் வரிசையில் விலை குறைந்ததாகவே இருந்தாலும், வாங்கின நிலையில் தானாக அவ்வளவு தூரம் குண்டைத் தள்ளாது. தள்ளினால் அது பழுது. பழுது என்றால் வாரண்டிக்கு அனுப்ப வேண்டும், பட்டறைக்கு அல்ல.

ஸ்பிரிங் கன் மாமா:

தம்பி, நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். இருபது வருடம் முன்பு என்னிடம் ஒரு ஸ்பிரிங் ஏர் கன். ட்ரிக்கர் கல்லு மாதிரி இருக்கிறது என்று உள்ளே இருக்கும் கொக்கியை அரம் வைத்து ராவினேன். அப்படியே ஸ்பிரிங்கையும் மாற்றினேன், வேகம் கூடட்டும் என்று. ட்ரிக்கர் பூப் போல ஆனது நிஜம். ஒரு நாள் துப்பாக்கியின் பட்டை (தோளில் வைக்கும் பின்முனையை) தரையில் தட்டினதும் தானாக வெடித்தது. நல்லவேளை, முனை சுவர்ப் பக்கம் இருந்தது. குறி? முன்பைவிட மோசம்.

ஸ்பிரிங் கன்னில் பெல்லட் வெளியே வருவதற்குள் பிஸ்டன் ஓடி இடித்து, துப்பாக்கி பின்னாலும் முன்னாலும் ஒரு ஆட்டம் ஆடிவிடும். பலமான ஸ்பிரிங் போட்டால் ஆட்டமும் கூடும். உங்களுடையது காற்றுச் சிலிண்டர், அந்தப் பிரச்சினை கிடையாது. வேகம் கூட்டித் தருகிறேன் என்று எவனாவது வந்தால் வாசலோடு அனுப்புங்கள். மேட்ச் துப்பாக்கி அரை கிராம் பெல்லட்டை விநாடிக்கு 170 மீட்டரை ஒட்டித்தான் தள்ளும், ஏழெட்டு ஜூல் கணக்கு. 10 மீட்டரில் காகிதம் கிழிய அது போதும். நம் நாட்டில் 20 ஜூலைத் தாண்டினாலோ, 4.5 மி.மீ.க்கு மேல் துளை இருந்தாலோ லைசென்ஸ் கேட்கும், 2016 ஆயுத விதிகள். வம்பை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்?

திருப்பூர் அப்பா:

பத்தாவது மீட்டர் சார், கார்டு கிடைத்துவிட்டது! பெட்டியில் ஸ்பாஞ்சுக்கு அடியில், கையேட்டுக்குள் மடிந்து கிடந்தது. ஐந்து குண்டு சுட்டிருக்கிறார்கள், ஆனால் பார்க்க ஒரே ஓட்டை. வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்தால் 6 மி.மீ. ஒரு மிளகு போட்டால் உள்ளே விழும், அவ்வளவுதான். துப்பாக்கியின் நம்பரும் கார்டில் இருக்கும் நம்பரும் ஒன்றே.

பெல்லட்: கிளப்பில் பெரிய டப்பாவிலிருந்து அளந்து கொடுப்பதைத்தான் போடுகிறாள். மணல் மூட்டை வைத்துச் சுட்டதில்லை. எப்படிச் செய்வது?

பத்தாவது மீட்டர்:

அந்தக் கார்டே பாதி பதில். 6-லிருந்து பெல்லட்டின் 4.5-ஐக் கழியுங்கள். 1.5 மி.மீ. ஐந்து குண்டின் நடுப்புள்ளிகளும் அந்த இடத்துக்குள் அடங்கிவிட்டன. சைட்டைச் சரியாக நடுவில் வைத்தால், அந்தத் துப்பாக்கியால் மட்டும் வரும் விலகல் முக்கால் மி.மீ. பத்தையும் 10.0 முதல் 10.9 வரை பிரிக்கும் தசமக் கணக்கில் 10.7-க்குக் கீழே இறங்காது. யாரும் கை வைக்காத, ஃபேக்டரியிலிருந்து வந்த துப்பாக்கி இது.

ஆனால் ஒன்று: அது அவர்கள் பெல்லட், அவர்கள் ஸ்டேண்டு. பெல்லட் மாறினால் ஓட்டையும் மாறும். அதனால் நீங்களே சுட்டுப் பாருங்கள். ரேஞ்சில் மேசையும் நாற்காலியும் கேளுங்கள், கூட ரேஞ்ச் ஆபீசர் இருக்கட்டும். மணலை இறுக்கி நிரப்பாத இரண்டு பை. ஒன்று ஸ்டாக்கின் (துப்பாக்கியைப் பிடிக்கும் கட்டையின்) முன் பகுதிக்கு அடியில், இன்னொன்று பட்டுக்கு அடியில். பேரலோ சிலிண்டரோ பையில் படவே கூடாது. பட்டால் குண்டு வேறு இடம் போகும், நீங்கள் பேரலைத் திட்டுவீர்கள். மகளே உட்கார்ந்து சுடட்டும், போட்டிக்குப் போடும் கெட்டியான ஷூட்டிங் ஜாக்கெட் தேவையில்லை. ஐந்து குண்டுக்கு ஒரு கார்டு, குண்டு நடுவில் விழுகிறதா என்று பார்க்க வேண்டாம், சைட்டையும் திருப்ப வேண்டாம். எவ்வளவு நெருங்கி விழுகிறது என்பதுதான் நமக்கு வேண்டும்.

கிளப் பெல்லட்டில் மூன்று கார்டு. பிறகு சீல் உடைக்காத மேட்ச் பெல்லட் டப்பா ஒன்று வாங்கி அதில் மூன்று. பெல்லட்டின் தலை அளவு 4.50 மி.மீ. என்று டப்பாவிலேயே போட்டிருக்கும். ஒரே ஒரு கார்டைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். ஐந்து குண்டு அதிர்ஷ்டத்திலும் சேரும், துரதிர்ஷ்டத்திலும் சிதறும்.

கேள்வி கேட்கும் குமார்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். விலை குறைந்த மாடலின் பேரலும் ஒலிம்பிக்கில் வைத்திருப்பவர்களின் பேரலும் ஒன்றா? அப்படியென்றால் எதற்கு மூன்று மடங்கு விலை?

பத்தாவது மீட்டர்:

நல்ல கேள்வி தம்பி. ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் அதிகம் கொடுக்கும் காசில் பெரும் பங்கு ஸ்டாக்குக்குப் போகிறது. கன்னம் வைக்கும் இடம், பட்டின் நீளம், வளைவு, கைப்பிடி என எல்லாவற்றையும் உடம்புக்கு ஏற்ப நகர்த்தலாம். அப்புறம் ட்ரிக்கர், அதிர்வைத் தணிக்கும் அமைப்பு. பேரலிலும் வித்தியாசம் உண்டு, ஆனால் அது 10.7-க்கும் 10.8-க்கும் நடுவில் நடக்கும் சண்டை. 8 சுடுகிறவருக்கு அது கண்ணிலேயே படாது. எப்போதாவது மோசமான ஒரு பேரலும் கிளம்பி வந்துவிடும், மறுக்கவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் மணல் மூட்டை.

திருப்பூர் அப்பா:

ஞாயிற்றுக்கிழமை காலை போய்ச் செய்துவிட்டோம். மணல் பைக்குப் பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்தோம், வீட்டம்மா உபயம். அளவுகள் எல்லாம் வெளி ஓரம் முதல் வெளி ஓரம் வரை.

கிளப் பெல்லட்: 12, 11, 13 மி.மீ.
சீல் டப்பா 4.50: முதல் கார்டு 6.5, இரண்டாவது 7. மூன்றாவதுதான் குழப்பம். மூன்று குண்டு ஒரே ஓட்டையில். மற்ற இரண்டும் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு, ஆனால் 8 மி.மீ. தள்ளி, இடது கீழே.

அவள் தான் அசையவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள். பேரல் சூடாகிவிட்டதா?

ஸ்பிரிங் கன் மாமா:

ஏர் ரைஃபிளில் பேரல் சூடாகிறதாவது! தம்பி, குண்டு சிதறவில்லை, கூட்டமாக இடம் மாறியிருக்கிறது பாருங்கள். இரண்டு இடத்தில் நல்ல க்ரூப் என்றால் பேரல் நன்றாக இருக்கிறது, வேறு ஏதோ நகர்ந்திருக்கிறது. பின் சைட்டைக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

பத்தாவது மீட்டர்:

மாமா சொல்வதேதான். அதோடு ஸ்டாக்கை மெக்கானிசத்தோடு பிடிக்கும் ஸ்க்ரூவையும் பாருங்கள். பின் சைட்டுக்கும் முன் சைட்டுக்கும் முக்கால் மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சைட் 0.1 மி.மீ. நகர்ந்தால் 10 மீட்டர் தள்ளி 1.3 மி.மீ. விலகும். அரை மி.மீ. நகர்ந்தால் கிட்டத்தட்ட 7 மி.மீ. நேராக 8-க்குப் போய்விடும்.

இது பெரிய ஆட்களுக்கும் நடக்கும். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இறுதிச் சுற்றுக்கு முன் போட்ட சோதனைக் குண்டு நான்காம் வளையத்துக்குப் போனது. காரணம் சைட். அவசர அவசரமாகச் சரி செய்துகொண்டுதான் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் சுட்டார்.

திருப்பூர் அப்பா:

ஆடுகிறது. நூல் அளவு, ஆனால் ஆடுகிறது. தண்டவாளம் மாதிரி இருக்கும் பட்டையில் சைட்டைக் கவ்விப் பிடிக்கும் ஸ்க்ரூ இரண்டில் ஒன்று முக்கால் சுற்று லூசு. அவள் லோட் செய்வதை உட்கார்ந்து கவனித்தேன். லீவரை மூடும்போது ஒவ்வொரு முறையும் உள்ளங்கை சைட்டில் இடித்துக்கொண்டே போகிறது. மூன்று மாதம், தினமும் நூறு தடவை.

ஸ்டாக் ஸ்க்ரூ கெட்டியாகத்தான் இருந்தது. சைட் ஸ்க்ரூவைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, பெயிண்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். கோடு விலகினால் தெரிந்துவிடும். மறுபடி சீல் டப்பாவில் மூன்று கார்டு: 6.5, 7, 6.5.

பத்தாவது மீட்டர்:

அப்புறம் என்ன? 7 எல்லாம் சைட். கிளப் பெல்லட் 12, 13 காட்டியதில் 9-கள் சில போயிருக்கும். அளந்து கொடுக்கும் பெல்லட்டில் பாவாடைப் பகுதி (விரிந்த பின்பக்கம்) நசுங்கினதும் இருக்கும், வேறு வேறு டப்பாவும் கலந்திருக்கும். பயிற்சிக்குப் போதும், போட்டிக்கு வேண்டாம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. பட் எந்த நீளத்தில் இருக்கிறது? பெட்டியிலிருந்து எடுத்தபடி என்றால் அது வளர்ந்த ஆளுக்கான நீளம். பதினாலு வயதுப் பெண்ணுக்கு நீளமாக இருந்தால் தலையை முன்னால் நீட்டி, தோளைத் தூக்கிக்கொண்டு சுடுவாள். உள்ளே இருக்கும் ஸ்பேசர் தகட்டில் ஒன்றிரண்டை எடுத்தால் குறையும். கன்னக் கட்டையையும் கோச்சை வைத்து உயரம் பாருங்கள். ட்ரிக்கரை இழுக்கும் எடையும் தூரமும் திருத்தக் கையேட்டிலேயே ஸ்க்ரூ காட்டியிருப்பார்கள். இதெல்லாம் மாடிஃபிகேஷன் கிடையாது சார். சைக்கிள் வாங்கினால் சீட்டை இறக்குவதில்லையா, அந்த மாதிரி. அரத்தை எடுத்தால்தான் தப்பு. அதற்கப்புறம் வாரண்டியும் பேசாது.

கேள்வி கேட்கும் குமார்:

அப்பா சார், முப்பதாயிரம் சொன்னவர் என்ன சொல்கிறார்?

திருப்பூர் அப்பா:

கார்டுகளைக் காட்டினேன். "உங்களுக்கு நல்ல பீஸ் வந்திருக்கு சார்" என்றார். சரி, இருக்கட்டும்.

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு ஸ்பேசர் எடுத்தோம். கன்னக் கட்டை ஒரு விரல்கடை ஏறியது. முதல் நான்கு நாள் பழக்கமில்லாமல் 350-க்கும் கீழே போனது, அழுகை வேறு. நேற்று 371. 7 ஒன்றுகூட இல்லை, 8 மட்டும் மூன்று. அந்த மூன்றும் கடைசிப் பத்துக் குண்டில், கை சோர்ந்தபோது. அதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்ல அவளுக்கே இப்போது மனசு வரவில்லை.

ஒரு உதவி மட்டும். அந்த 4.50 டப்பா தீரப்போகிறது. அதே பெயரில் வாங்கிய அடுத்த டப்பா மணல் மூட்டையில் 8.5, 9 காட்டுகிறது. லாட் எண் (எந்தத் தொகுதியில் தயாரானது என்று காட்டும் எண்) வேறு. பழைய லாட் நம் பக்கத்தில் யாரிடமாவது இருக்குமா?

பத்தாவது மீட்டர்:

டப்பாவின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள். கோயம்புத்தூரில் இரண்டு இடத்தில் கேட்டுப் பார்க்கிறேன். கிடைத்தால் ஒன்றிரண்டு போதாது, பத்து டப்பாவாக வாங்கி வையுங்கள்.