பேராலய டீன் தொடங்கிய பள்ளியைத் துணி வணிகர்களிடம் ஒப்படைத்தது ஏன்?

கேள்வி:
லண்டன் புனித பவுல் பேராலயத்தின் டீனாக (தலைமைக் குருவாக) இருந்த ஜான் காலெட், தந்தைவழி வந்த சொத்தைக் கொண்டு 1509-இல் புனித பவுல் பள்ளி என்னும் லத்தீன் இலக்கணப் பள்ளியைப் பேராலய வளாகத்திலேயே நிறுவினார். ஆனால் அதன் நிர்வாகத்தைத் திருச்சபையிடம் விடாமல், மெர்சர்ஸ் கம்பெனி என்னும் துணி வணிகர் சங்கத்திடம் ஒப்படைத்துவிட்டார். குருவானவர் ஒருவர் இவ்வாறு செய்யக் காரணம் என்ன? மாணவர் எண்ணிக்கை 153 என்று வரையறுக்கப்பட்டதன் பின்னணியையும் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
காலெட்டின் தந்தை சர் ஹென்றி காலெட் அதே சங்கத்தைச் சேர்ந்தவர். இருமுறை லண்டன் மேயராக இருந்தவர். எனவே குடும்ப உறவு ஒரு காரணம். ஆயினும் காலெட்டின் நண்பரான டச்சு அறிஞர் எராஸ்மஸ் எழுதிவைத்த காரணமே எனக்கு முதன்மையானதாகத் தோன்றுகிறது. மனிதர் காரியங்களில் உறுதியானது எதுவும் இல்லை என்றாலும், மணமாகி நற்பெயரோடு வாழும் குடிமக்களிடம்தான் கறை மிகக் குறைவாக இருக்கிறது என்று காலெட் கருதினாராம். திருச்சபைக்குள்ளேயே இருந்து அதன் சீர்கேடுகளை வெளிப்படையாகக் கண்டித்த ஒருவர் இப்படி முடிவெடுத்ததில் வியப்பில்லை. முதல் தலைமையாசிரியர் வில்லியம் லில்லியும் குரு அல்லர். ரோட்ஸ் தீவில் கிரேக்கம் பயின்ற குடும்பஸ்தர்.

மறுமொழி 2:
153 என்பது யோவான் நற்செய்தி 21-ஆம் அதிகாரத்தில் சீடர்களின் வலையில் அகப்பட்ட மீன்களின் எண்ணிக்கை என்பதே வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம். அந்த 153 இடங்களுக்குரிய அறக்கட்டளை மாணவர்கள் வெள்ளி மீன் சின்னம் அணியும் வழக்கமும் அதையொட்டியதுதான்.

ஆனால் அப்பள்ளியின் இயல்பை அறிய, காலெட் வகுத்த விதிகளைத்தான் படிக்க வேண்டும். எந்த நாட்டுப் பிள்ளையாயினும் வேறுபாடின்றிச் சேர்க்கலாம். கல்விக் கட்டணம் இல்லை. சேரும்போது பெயர் எழுத 4 பென்ஸ் செலுத்தினால் போதும். அத்தொகையும் பள்ளியைக் கூட்டிப் பெருக்கும் ஏழை மாணவனுக்கே போய்ச் சேரும். காலை 7 முதல் 11 வரையும் பிற்பகல் 1 முதல் 5 வரையும் பாடம். நாளுக்கு மூன்று முறை மண்டியிட்டு ஜெபம். ஆசிரியர் தம் விருப்பப்படி விடுமுறை அளித்தால் 40 ஷில்லிங் அபராதம். அரசரோ, பேராயரோ, ஆயரோ பள்ளிக்கே நேரில் வந்து கேட்டால் மட்டும் விலக்கு! அக்காலத்துப் பள்ளிச் சிறுவர்களுக்குப் பெருங்கொண்டாட்டமாயிருந்த சேவற்சண்டைக்கும் தடை விதித்தார்.

இவற்றை வைத்து அதை ஏழைகளின் பள்ளி என்று முடிவுகட்டிவிட முடியாது. முன்னரே எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். வெளிச்சத்துக்கு மலிவான கொழுப்பு மெழுகுவர்த்தி கூடாது, தேன்மெழுகுவர்த்தியையே வீட்டார் செலவில் கொண்டுவர வேண்டும். கூலிவேலை செய்பவர் வீட்டில் அதற்கு வழி ஏது?

மறுமொழி 3:
பேராலயத்தோடு இருந்த வழிபாட்டுத் தொடர்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டிசம்பர் 28, ஏரோது மன்னன் கொல்வித்த பச்சிளங்குழந்தைகளை நினைவுகூரும் மாசில்லாக் குழந்தைகள் திருநாளன்று மாணவர் அனைவரும் பேராலயத்துக்குச் சென்று, ஆயர் உடையணிந்த சிறுவன் ஆற்றும் மறையுரையைக் கேட்டு, திருப்பலியில் பங்கேற்று, ஆளுக்கு ஒரு பென்னி காணிக்கையை அச்சிறுவனுக்கு அளிக்க வேண்டும் என்பது காலெட்டின் கட்டளை. இப்படிச் சிறுவன் ஒருவனை ஆயராக வேடமிடச் செய்யும் 'சிறுவர் ஆயர்' வழக்கத்தை அரசர் எட்டாம் ஹென்றி 1541-இல் தடைசெய்தார். மேரி அரசியின் காலத்தில் மீண்டும் தலைதூக்கி, எலிசபெத் காலத்தில் அற்றுப்போயிற்று.

பள்ளிக் கட்டடம் 1666-ஆம் ஆண்டுப் பெருந்தீயில் எரிந்தது. அங்கேயே படித்தவரும் நாட்குறிப்பால் புகழ்பெற்ற அரசு அதிகாரியுமான சாமுவேல் பீப்ஸ் அதைத் தம் நாட்குறிப்பில் பதிந்திருக்கிறார். மீண்டும் அதே இடத்தில் கட்டப்பட்ட பள்ளி, 1884-இல் மேற்கு லண்டனிலுள்ள ஹாமர்ஸ்மித்துக்கும் 1968-இல் தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள பார்ன்ஸுக்கும் இடம்பெயர்ந்தது. கட்டணமின்றித் தொடங்கிய அது இன்று உயர்ந்த கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. மெர்சர்ஸ் கம்பெனியின் தொடர்பு மட்டும் அறுபடவில்லை; அவ்வகையில் காலெட்டின் கணக்கு பிழைபடவில்லை என்றே சொல்வேன்.