தேக்காவுக்கு மீன் வாங்கப் போய் நாயோடு திரும்பிய கதை

ஈசூன்காரி:

ஒரு சனிக்கிழமை காலை தேக்கா சந்தையில் தெங்கிரி மீனை வெட்டச் சொல்லிவிட்டு நின்றுகொண்டிருந்தபோது அலுவலகத் தோழி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். வெள்ளை உடம்பு, ஒரு காது மட்டும் பழுப்பு, அந்தக் காது மட்டும் மடியாமல் விறைத்து நிற்கிறது. பிடோக்கில் ஒரு குடும்பம் வீட்டைக் காலிசெய்துகொண்டு சொந்த நாட்டுக்குப் போகிறது, திங்கட்கிழமைக்குள் யாரும் எடுத்துக்கொள்ளாவிட்டால் காப்பகம்தான், இரண்டு வயசு பெட்டை, ஜாக் ரஸல். வீட்டில் யாரையும் கேட்கவில்லை. மீன் பையோடு டாக்சி ஏறிவிட்டேன். அதற்கு முன் நான் வளர்த்த ஒரே உயிர் பள்ளிக்கூட நாளில் ஒரு தங்கமீன், அதுவும் ஒரு வாரம்.

அந்த வீட்டம்மா கயிறு, பாதி மூட்டை நாய் உணவு, தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் என் கையில் கொடுத்து, "கொஞ்சம் சுறுசுறுப்பான பிள்ளை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு சாத்திய வேகத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். நாயை ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்ற முடியாது, நாய் ஏற்றுகிற கிராப் வண்டியை வரவழைத்துத்தான் ஈசூனுக்கு வந்தேன். வீட்டுக்காரரிடம் வாசலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் பாதி மீனைக் காணோம்.

பெயர் ஏஞ்சல் என்று சொல்லித் தந்தார்கள். அத்தை (மாமியார், எங்களோடுதான் இருக்கிறார்) முதல் வாரத்திலேயே பிசாசு என்று மாற்றிவிட்டார். சாமி அறை இருக்கிற வீட்டில் அப்படிக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிச் சொல்லி, பிசாசு பிச்சு ஆகி, பிச்சு பிச்சி ஆகிவிட்டது. பூவுக்கும் அந்தப் பெயர்தான், பைத்தியத்துக்கும் அந்தப் பெயர்தான். இரண்டுமே பொருந்தியது.

நான் செய்த பெரிய தப்பு, வீவக (சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதிக்கிற இனங்களின் பட்டியலில் இருக்கிறதே, சின்ன நாய்தானே, அடக்கமாக இருக்கும் என்று நினைத்தது. பிறகுதான் படித்தேன். ஜான் ரஸல் என்று 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஒரு பாதிரியார், நரி வேட்டைப் பிரியர், அவர் பேரில் வந்த இனம் இது. நரி வளைக்குள் புகுந்து, இருட்டில், மேலே இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி குரைப்பதும் தோண்டுவதும்தான் அதன் வேலை. அந்த நாயைக் கொண்டுவந்து 11ஆம் மாடியில் நாலறை வீட்டில் வைத்துக்கொண்டு "ஏன் சோபாவைத் தோண்டுகிறாய்" என்று கேட்டால் அது என்ன பதில் சொல்லும்? எங்கள் சோபாவில் நரி இல்லை என்று கண்டுபிடிக்க அதற்கு மூன்று நாள் ஆனது. அதற்குள் சோபாவும் இல்லை.

விடியற்காலையில் குயில் கூவும்போதெல்லாம் குரைக்கும். எதிர் புளோக்கில் யாராவது துணி காயப்போட்டால் குரைக்கும். பக்கத்து வீட்டில் புகார் சொன்னார்கள், நியாயமான புகார்தான். வீட்டுக்காரரின் சுண்டுவிரலை ஒரு தடவை கடித்தது, செருப்பைப் பிடுங்கப் போனதற்கு. இரண்டாவது மாதம் நானே அந்தத் தோழியிடம் "வேறு யாராவது இருந்தால் சொல்" என்று செய்தி அனுப்பினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

எல்லாவற்றையும்விட மின்தூக்கிதான் கொடுமை. கதவு திறந்தால் நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு நடுங்கும், இழுத்தால் கழுத்துப்பட்டையிலிருந்து உருவிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் ஓடிவிடும். அதனால் 11 மாடியும் படியில். காலையில் இறங்கி ஏறி, மாலையில் இறங்கி ஏறி, மழை வந்தால் துடைத்து, அப்புறம் வேலைக்கு ஓடி. ஒரு பயிற்சியாளரை வரவழைத்தோம். அவர் நாயைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "இழுக்கிறதை நிறுத்துங்கள்" என்றார். பிறகு அவர் சொன்னபடி, உப்பில்லாமல் அவித்த கோழியைத் துண்டு துண்டாக நறுக்கி டப்பாவில் எடுத்துக்கொண்டு மின்தூக்கிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தோம், நானும் அதுவும். கதவு திறக்கும்போது ஒரு துண்டு, மூடும்போது ஒன்று. ஏறவே கூடாது. ஒரு வாரம் இப்படியே. பிறகு வாசல் வரை. பிறகு முன்னங்கால் இரண்டும் உள்ளே, உடனே வெளியே. பிறகு 11லிருந்து 10, அங்கிருந்து படியேறி வீட்டுக்கு. போகிறவர் வருகிறவர் எல்லாம் என்ன பிரார்த்தனை என்று கேட்காத குறை. ஒன்பதாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தரைத்தளம் வரை நின்றபடி வந்தது, நடுங்கிக்கொண்டேதான், ஆனால் நின்றது. நான் கீழே காப்பிக்கடையில் உட்கார்ந்து கோப்பி வாங்கிக் குடித்தேன், கை எனக்குத்தான் நடுங்கியது.

அந்த ஒன்பது வாரத்தில் எதிர்வீட்டுப் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) அறிமுகமானார். அதுவரை எங்களைக் கண்டால் தள்ளி நிற்பார், நாய் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். அவர் முஸ்லிம், நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். வயசானவருக்கு அது எவ்வளவு வேலை. நான்தான் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். இப்போது அவர் நின்றால் நாங்கள் அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்போம், அவரும் பொத்தானை எங்களுக்காக மறுபடி அழுத்திவிட்டுத்தான் போவார். தூரத்திலிருந்து "அப்பா கபார், பிச்சி?" (எப்படி இருக்கிறாய்) என்று மலாயில் கேட்பார். வாலாட்டும்.

அப்புறம் தீபாவளி. அத்தை பிடித்த லட்டில் உலர்ந்த திராட்சை. இரண்டு லட்டை அது எடுத்துவிட்டது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், பச்சையானாலும் உலர்ந்ததானாலும். இது எனக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. ராத்திரி பத்தரைக்கு 24 மணிநேர மருத்துவமனைக்கு ஓடினோம், வாந்தி எடுக்க வைத்தார்கள், ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தார்கள், பில்லைப் பற்றிப் பேசவேண்டாம். அத்தை பட்டுப்புடவையை மாற்றாமலே விடியும்வரை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "பிசாசு" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

எந்த நாளில் எங்களுக்கு அதைப் பிடித்துப்போனது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரு நாள் கறி சமைக்கும்போது கவனித்தேன், மசாலாவும் வெங்காயமும் போடுவதற்கு முன்னால் நாலு துண்டு கோழியைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன். (வெங்காயம், பூண்டு இரண்டுமே நாயின் ரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும். நம் சமையலில் அது இல்லாமல் என்ன இருக்கிறது, தயிர்சாதத்தைத் தவிர.) பல மாதமாக அப்படித்தான் எடுத்துவைத்துக்கொண்டிருக்கிறேன், யோசிக்காமலே. சோபாவுக்குப் பதில் பிரம்பு நாற்காலி வந்திருக்கிறது. செருப்பெல்லாம் அலமாரிக்கு மேலே போயிருக்கிறது. பிச்சி பெரிதாக மாறவில்லை, குயிலை இன்னும் மன்னிக்கவில்லை. வீடுதான் அதற்கேற்ற மாதிரி மாறிப்போயிருக்கிறது.

உங்கள் வீட்டுக் கதையையும் எழுதுங்கள்.

தோபாயோ தம்பி:

அக்கா, எங்கள் வீட்டில் சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது நம்மூர் தெருநாய்தான். 2012இல் தொடங்கிய அடோர் திட்டத்தில் இந்தக் கலப்பின நாய்களையும் வீவக வீட்டில் வைத்துக்கொள்ளலாம், உயரம் 55 சென்டிமீட்டருக்குள் இருக்கவேண்டும், கருத்தடை, மைக்ரோசிப், பயிற்சி வகுப்பு எல்லாம் கட்டாயம். நான் காப்பகத்துக்கு நண்பனுக்குத் துணையாகப் போனேன், அவன் எடுக்கவில்லை, நான் எடுத்துவிட்டேன்.

குரைக்காது, கடிக்காது, ஆனால் இரண்டரை மாதம் சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. காட்டோரமாக வளர்ந்ததற்குப் பளிங்குத் தரை என்றால் என்னவென்றே தெரியாது. நான் மேசைக்குப் பக்கத்தில் தரையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கைப்பேசி பார்ப்பேன், நேராகப் பார்த்தால் பயப்படும். ஒரு நாள் முதுகில் ஏதோ ஈரமாகப் பட்டது, மூக்கு. நான் திரும்பவே இல்லை, அரைமணி நேரம் அப்படியே இருந்தேன், கால் மரத்துப்போனது.

ஜூரோங் மீனா:

எல்லோரும் சந்தோஷமாக எழுதுகிறீர்கள், நான் வேறு மாதிரி எழுதுகிறேன். நாங்களும் அவசரத்தில்தான் வாங்கினோம், கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து, பிள்ளை அழுதான் என்று. சின்னவனின் கன்னத்தில் கடித்துவிட்டது, இரண்டு தையல். பயிற்சியாளர் இருவரைப் பார்த்தோம். கடைசியில் பிள்ளைகள் இல்லாத, தரைவீட்டில் இருக்கிற ஒரு தம்பதியிடம் கொடுத்தோம், அங்கே நன்றாக இருக்கிறது, படம் அனுப்புகிறார்கள். நான் அந்தப் படங்களை வீட்டுக்காரரிடம் காட்டுவதில்லை, அவர் அழுவார். நாங்கள் பொறுமை இல்லாதவர்கள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

ஈசூன்காரி:

மீனா, யாரும் அப்படிச் சொல்லக்கூடாது. என் வீட்டில் சின்னப் பிள்ளை இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். சுண்டுவிரல் வேறு, பிள்ளையின் கன்னம் வேறு.

உட்லண்ட்ஸ் ராத்திரிவேலை:

அக்கா ஒரு கேள்வி. போன மாதம் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு ஷ்னாவ்சரை எடுத்து வந்தேன், அண்ணிக்கு ஒவ்வாமை என்று. மற்றதெல்லாம் சமாளிக்கலாம், இடிதான் முடியவில்லை. கதவைப் பிராண்டி நகத்தில் ரத்தம். வேறொன்று, உரிமம் அண்ணன் பெயரில்தான் இருக்கிறது, மாற்றத்தான் வேண்டுமா?

ஈசூன்காரி:

தம்பி, உரிமத்தை முதலில் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கருத்தடை செய்த நாய்க்கு ஆண்டுக்கு 15 வெள்ளிதான், செய்யாததற்கு 90. உரிமம் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் ஆயிரக்கணக்கில் போகலாம். வீவக வீட்டுக்கு ஒரே ஒரு நாய்தான் என்பதும் தெரிந்திருக்கும்.

இடிக்கு என்னிடம் மந்திரம் இல்லை. ஆண்டுக்கு 160 நாளுக்கு மேல் இடி இடிக்கிற ஊர் இது, தப்பிக்க முடியாது. திட்டாதீர்கள், கட்டிப்பிடித்து அமுக்கியும் வைக்காதீர்கள். சன்னல் இல்லாத இடம் எதுவோ, எங்கள் வீட்டில் சேமிப்பறை, அங்கே பழைய போர்வை போட்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, கதவைத் திறந்தே வையுங்கள், அது தானாகப் போகட்டும். விடிவதற்கு முன்னால் வருகிற சுமத்ரா காற்று மழைதான் மோசம், வேலை முடிந்து நீங்கள் திரும்புவதற்குள் வந்துவிடும், அதனால் கதவை முந்தின இரவே திறந்துவைத்துவிட்டுப் போங்கள். அப்படியும் நகத்தில் ரத்தம் வந்தால் மருத்துவரிடம் கேளுங்கள், பயத்துக்கு மருந்து இருக்கிறது, அது வெட்கப்படுகிற விஷயமில்லை.

இதை எழுதும்போதே இங்கே இடிக்க ஆரம்பித்துவிட்டது. அத்தை சேமிப்பறைக்குள் மோடாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாயிற்று, பிச்சி அரிசி மூட்டைக்குப் பின்னால். டிவி தொடரில் என்ன நடக்கிறது என்று நான் இங்கிருந்து சத்தமாகச் சொல்லவேண்டுமாம். பிறகு வருகிறேன்.