புதுப்பிப்பு: ஸ்பானிய அசை அழுத்தம் பிடிபட்டது

ஸ்பானியச் சொல்லில் எந்த அசையை அழுத்துவது என்று போன வாரம் கேட்டிருந்தேன். சுங்கை சிப்புட் இரவுச் சந்தையிலிருந்து திரும்பும்போது அண்ணன் மகளோடு வாய்விட்டுச் சொல்லிப் பார்த்ததில் விளங்கியது. உயிரிலோ, ‘ன்’, ‘ஸ்’ எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசை: கா-சா, வீடு. வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசை: பா-பெல், காகிதம். உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு (á போல) இருந்தால் விதியெல்லாம் செல்லாது, கோடு விழுந்த இடமே ராஜா.

நான் கவிழ்ந்தது அங்கேதான். லத்தீன் அமெரிக்காவில் ‘பாபா’வின் முதல் அசையை அழுத்தினால் உருளைக்கிழங்கு, கோடிட்ட கடைசி அசையை அழுத்தினால் அப்பா. ஒரு வாரமாக அப்பாவைக் கிழங்காக்கியிருக்கிறேன்!

இன்னும் உதைப்பது ‘தீ-ஆ’, அதாவது நாள். இகரத்தின் மேல் கோடு இருப்பதால் இரண்டு உயிரும் தனித்தனி அசை. நம் நாக்கோ நடுவில் உடம்படுமெய் போட்டு ‘தீயா’ என்கிறது.