'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி': 2014 புளூரே மஞ்சளா, இல்லையா?

பிலிம்பெட்டி: பக்கத்து இழையில் ஒருவர், "இந்தப் படத்துக்கு 2014 புளூரேவே போதும், அதற்குமேல் வாங்குபவர்களுக்குக் காசு கொழுத்துவிட்டது" என்கிறார். படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வட்டில் படம் முழுக்க மஞ்சள் பூசியிருக்கிறார்கள். கதை நடப்பது அமெரிக்க உள்நாட்டுப் போரில். தென் மாநிலங்களின் சாம்பல் சட்டைப் படை வருகிறது என்று நம்பி, டுகோ என்ற கொள்ளைக்காரன் தென்னவர் ஆளைப்போல அவர்களுடைய தளபதி ஜெனரல் லீக்கு வாழ்த்துக் கோஷம் போடுவான். அதிகாரி சட்டைக் கையைத் தட்டுவார். தூசி பறக்கும், அடியில் நீலம்! வந்தது வடக்கத்திப் படை. அந்த நீலம் பளிச்சென்று தெரியாவிட்டால் அந்தக் காட்சி எதற்கு?

கடைசித்தோட்டா: எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே திட்டுங்கள். இத்தாலியின் போலோன்யாவில் 4கே தரத்தில் சீரமைத்ததிலிருந்து வந்த வட்டு அது. அந்த வல்லுநர்களைவிட உங்கள் கண் உசத்தியா? பாலைவனப் படம் மஞ்சளாகத்தான் இருக்கும்.

பிலிம்பெட்டி: எது பாலைவனம்? ஸ்பெயினில் எடுத்த படம், அதில் அல்மெரியா பாலைவனம் சரி. இடுகாட்டுக் காட்சி வடக்கே பர்கோஸ் பக்கம் எடுத்தது. சுற்றிலும் புல்லும் மரமும். அது இருக்கட்டும், சட்டைக் கை என்ன நிறம்? அதைச் சொல்லுங்கள்.

மோனோரசிகர்: நிறத்தை விடுங்கள் ஐயா. பல ஒலிபெருக்கிகளுக்கான 5.1 ஒலியில் துப்பாக்கிச் சத்தத்தையே மாற்றிவிட்டார்களே, அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. மோரிகோனே இசைக்கு நடுவே அந்தப் பழைய மோனோ (ஒற்றைத்தட ஒலி) வெடிச்சத்தம் கேட்டால்தான் உடம்பு சிலிர்க்கும்.

குதிரைலாடம்: வெட்டிய காட்சிகளைத் திரும்பச் சேர்த்த 2003 நீட்டிப்பு அதைவிட மோசம். வில்லனாக நடித்த லீ வான் கிளீஃப் 1989-லேயே போய்விட்டார், அவருக்கு வேறொருவர் குரல். டுகோவாக நடித்த ஈலை வாலக் எண்பது தாண்டிய வயதில் அதற்குப் பேசியிருக்கிறார். குகையில் டுகோ கோழியோடு உட்கார்ந்திருக்கும் காட்சி இயக்குநர் லியோனியே வெட்டி எறிந்தது. அதைத் திரும்ப ஒட்ட இவர்கள் யார்?

கடைசித்தோட்டா: வாலக் பேசியதில் என்ன குறை? அந்த மனிதர் வந்து பேசியதே பெரிய விஷயம்.

குதிரைலாடம்: கிழக்குரல் இளமுகத்தில் ஒட்டவில்லை. போன மாதமும் இதையே சொன்னேன், அப்போதும் நீங்கள் காதில் வாங்கவில்லை.

கடைசித்தோட்டா: போன மாதத்தைக் கிளறினால் எனக்கும் ஞாபகம் இருக்கிறது. விஎச்எஸ்தான் பொற்காலம் என்று எழுதியவர்தானே இந்த பிலிம்பெட்டி? 2.35:1 விகித அகலப் படத்தை இரண்டு பக்கமும் நறுக்கிய நாடா அது. கடைசித் துப்பாக்கிச் சண்டையில் வட்டத்தில் மூன்று பேரும் நிற்பதை அதில் எப்படிப் பார்த்தாராம்? இப்போது நிறத்துக்கு நீதிபதி ஆகிவிட்டார்.

பிலிம்பெட்டி: நாடாவில்தான் எங்கள் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் இந்தப் படத்தையே பார்த்தோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நறுக்கிய படத்திலும் அந்தச் சட்டைக் கை நீலமாக இருந்தது! 2017-ல் கீனோ லோர்பர் நிறுவனத்தின் வட்டில் மஞ்சளைக் குறைத்தார்களே, எதற்கு? 2021-ல் வந்த 4கே வட்டையும் போட்டுப் பாருங்கள். வானம் வானமாக இருக்கிறது. இது எடுத்த டெக்னிஸ்கோப் முறையில் ஒரு சட்டகத்துக்குப் பிலிம் ஓரத்துளை இரண்டின் உயரம்தான், சட்டகம் சின்னது. அதிலிருந்தே இவ்வளவு வருகிறது என்றால் ஒளிப்பதிவாளர் டெல்லி கொல்லியின் வேலையை என்ன சொல்வது! அதன்மேல் மஞ்சள் கண்ணாடி மாட்டிவிட்டு "இதுவே போதும்" என்கிறார் ஒருவர்.

மோனோரசிகர்: 2021 வட்டில் மோனோ இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கடைசித்தோட்டா: என் டிவியில் நீலம் தெரிகிறது.

பிலிம்பெட்டி: அந்த இடத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.

கடைசித்தோட்டா: உங்களுக்கு நிரூபிக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

பிலிம்பெட்டி: சட்டைக் கை. ஒரே ஒரு படம்.