கலைச்சொல் விவாதம்: பல்கலைக்கழக ‘எக்ஸ்டென்ஷன்’ தமிழில் என்ன? ‘விரிபணி’ என்று முன்மொழிகிறேன்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வினா அட்டைகளின் தமிழ்ப் பக்கத்தை இந்த மாத முடிவுக்குள் அச்சகத்திடம் கொடுத்தாக வேண்டும். ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற ஒரே ஒரு சொல் எல்லா அட்டைகளையும் மறித்து நிற்கிறது. இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிவிட்டு என் முன்மொழிவுக்கு வருகிறேன்.

அண்மையில் சேர்ந்தவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பல்கலைக்கழகங்கள் தம் மதிலுக்கு வெளியே இருக்கும் மக்களுக்காக என்ன செய்கின்றன (இதைத்தான் ஆங்கிலத்தில் ‘எக்ஸ்டென்ஷன்’ என்கிறார்கள்) என்பதை விளையாட்டாகச் சொல்லித்தரும் வினா அட்டைத் தொகுதி ஒன்றைக் கொழும்பில் சிலர் சேர்ந்து தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் தயாரித்து வருகிறோம். நூலகங்களிலும் பாடசாலைகளிலும், இடம் கிடைத்தால் பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் செப்டெம்பர் மாதம் நடக்கும் புத்தகக் கண்காட்சியிலும் வைத்து விளையாடலாம் என்பது எண்ணம்.

> ‘விரிவாக்கம்’ நீண்ட காலமாகப் புழங்கும் சொல். அதை ஏன் கலைக்க வேண்டும்?

சென்னை நண்பரின் கேள்வி நியாயமானது. கோயம்புத்தூரில் 1971இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானது. அதன்கீழ் இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. இந்த மரபில் ‘வேளாண் விரிவாக்கம்’ என்றால் என்னவென்று தமிழ்நாட்டு உழவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கும் ‘விவசாய விரிவாக்கல்’ என்று எழுதுகிறோம். ஆனால் அந்தத் தெளிவைத் தருவது முன்னால் நிற்கும் ‘வேளாண்’ என்ற அடைதான். அதை எடுத்துவிட்டுப் ‘பல்கலைக்கழகம்’ என்று வைத்துப் பாருங்கள். ‘பல்கலைக்கழக விரிவாக்கத் திட்டம்’ என்று ஒரு கொழும்புப் பத்திரிகையில் தலைப்பு வந்தால் வாசகர் மனதில் எழுவது புதிய கட்டடம், புதிய விடுதி, அடிக்கல். துறைமுக விரிவாக்கம், வீதி விரிவாக்கம், வைத்தியசாலை விரிவாக்கம் என்று நாளும் வாசிப்பவர்கள் வேறு எப்படி எடுத்துக்கொள்வார்கள்?

இது வெறும் ஊகம் அன்று. மாதிரி அட்டைகளை வெள்ளவத்தையில் சிலரோடு விளையாடிப் பார்த்தபோது, ‘இங்கிலாந்தில் பல்கலைக்கழக விரிவாக்கம் எப்போது தொடங்கியது?’ என்ற கேள்விக்கு, ‘எந்தப் பல்கலைக்கழகத்துக்கு இடம் போதாமல் போனது?’ என்று ஓர் ஆசிரியை திருப்பிக் கேட்டார். அவர் வாசித்ததில் பிழையே இல்லை. நாம் எழுதிய தமிழ் அப்படித்தான் பொருள் தருகிறது.

> ‘வெளிவாரிக் கல்வி’ என்று வைத்துவிடலாமே. இலங்கையில் எல்லோருக்கும் தெரிந்த சொல்.

மட்டக்களப்பு ஐயா, தெரிந்த சொல் என்பதுதான் சிக்கல். வெளிவாரி என்றதும் நம்மவர்களுக்குப் பட்டம் நினைவுக்கு வருகிறது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தகவல் தொழில்நுட்ப இளமாணிப் பட்டம் வெளிவாரி. வகுப்புக்கு வராமல் பதிவு செய்து, பரீட்சை எழுதி, பட்டம் பெறலாம். நாவலையில் 1980 முதல் இயங்கும் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் வழி தொலைக்கல்வி. இரண்டிலும் கற்பவர் மாணவராகப் பதிகிறார். நம் அட்டைகள் பேசும் பணியில் பெரும்பாலும் அப்படிப் பதிவு எதுவும் இல்லை. தக்காளிச் செடி வாடுகிறது என்று கேட்க வருபவரிடம் யாரும் மாணவர் அட்டை கேட்பதில்லை.

ஆகவே எதைக் குறிக்கச் சொல் தேடுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். வரலாறு இதில் பெரிதும் உதவுகிறது.

ஜேம்ஸ் ஸ்டுவர்ட் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் 1867இல் வட இங்கிலாந்து நகரங்களில் பெண்களுக்கு விரிவுரை நிகழ்த்தினார். அன்று அவர்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. அவரே குரூ நகரத்து ரயில்வே தொழிலாளருக்கும் ரொச்டேல் கூட்டுறவு இயக்கத்தினருக்கும் பேசினார். அவருடைய வற்புறுத்தலால் கேம்பிரிட்ஜ் 1873இல் இதைத் தன் முறையான பணியாக ஏற்றுக்கொண்டது. ஆக்ஸ்போர்ட் 1878இல் தொடர்ந்தது. ‘எக்ஸ்டென்ஷன்’ என்ற பெயர் நிலைபெற்றது இந்தக் காலத்தில்தான். அங்கே நீண்டது கட்டடமல்ல, ஆசிரியர் நடந்த தூரம்.

அமெரிக்காவில் இது வயலுக்குள் இறங்கியது. 1862இல் ஆபிரகாம் லிங்கன் ஒப்பமிட்ட மொரில் சட்டம், கல்லூரிகள் அமைக்க மாநிலங்களுக்கு நிலம் தந்தது. 1887ஆம் ஆண்டின் ஹாட்ச் சட்டம் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பணம் தந்தது. கல்லூரி இருக்கிறது, ஆராய்ச்சியும் நடக்கிறது, ஆனால் முடிவுகள் உழவரிடம் போய்ச் சேரவில்லை. 1903இல் டெக்ஸாஸ் மாநிலத்து டெரல் ஊரில் சீமன் நாப் என்ற வேளாண் வல்லுநர் ஓர் உழவரின் சொந்த நிலத்திலேயே புதிய முறையைச் செய்து காட்ட வைத்தார். 1906இல் அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் வேளாண் அறிவியலாளர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் குதிரை பூட்டிய வண்டி ஒன்றில் கருவிகளையும் விதைகளையும் ஏற்றிக் கறுப்பின உழவர்களின் ஊர்களுக்கு அனுப்ப வழிசெய்தார். பள்ளிக்கூடமே சக்கரத்தில் ஏறிப் போனது. என் விருப்பத்துக்குரிய அட்டை அதுதான். குழந்தைகளும் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். இவற்றையெல்லாம் நாடு தழுவிய அமைப்பாக்கியது 1914 மே 8ஆம் திகதி நிறைவேறிய ஸ்மித்–லீவர் சட்டம். மத்திய அரசு, மாநிலப் பல்கலைக்கழகம், மாவட்ட நிருவாகம் மூன்றும் செலவைப் பகிர்ந்துகொள்வதால் அதற்குக் ‘கூட்டுறவு’ என்ற அடைமொழியும் சேர்ந்தது. தலை, இதயம், கை, ஆரோக்கியம் என்ற நான்கையும் நான்கிலைச் சின்னத்தில் தாங்கிய ‘ஃபோர் எச்’ இளைஞர் கழகங்கள் இந்தப் பணியோடு சேர்ந்து வளர்ந்தவை.

இப்போது நம் நாட்டைப் பாருங்கள். பெயர் தெரியாமலே இந்தப் பணியை நன்றாக அறிந்தவர்கள் நாம். ஊருக்கு வரும் விவசாயப் போதனாசிரியரை யாருக்குத் தெரியாது? விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தைக் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்கள் எத்தனையோ பேர். 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்திலிருந்து இன்றும் ஆலோசனைச் சேவை நடத்துகிறது. கொட்டாஞ்சேனையிலும் கொழும்பின் பிற பகுதிகளிலும் வாழும் மலையகக் குடும்பங்கள் விளையாடும்போது அந்த அட்டை அவர்கள் கையில் கட்டாயம் விழ வேண்டும் என்று விரும்புகிறேன். டெக்ஸாஸ் பற்றிக் கேட்டுவிட்டுத் தலவாக்கலையை விட்டுவிட்டால் நம் விளையாட்டு யாருக்கு?

> சிங்களப் பக்கத்தில் ‘வியாப்தி’ என்று போட்டிருக்கிறார்கள். தமிழிலும் ‘வியாபகம்’ என்று எடுத்துக்கொண்டால் இணையாக இருக்குமே.

இதை எழுதிய சகோதரிக்கு நன்றி. இந்தக் கோணம் எனக்குப் பிடித்தது. சிங்களத்தில் இச்சொல் உறுதியாக வேரூன்றியது. ‘கிருஷி வியாப்தி சேவகர்’ என்ற பதவியே இருந்தது. 1980களின் இறுதியில் அவர்கள் கிராம உத்தியோகத்தர் சேவைக்கு மாற்றப்பட்டார்கள் என்பதை மூத்தவர்கள் இன்னும் சொல்வார்கள். ஆனால் தமிழில் வியாபகம் கடவுளோடும் காற்றோடும் போய்விட்ட சொல். ‘எங்கும் வியாபித்திருக்கும் பரம்பொருள்’ என்று கேட்டுப் பழகிய காதுக்கு ‘பல்கலைக்கழக வியாபகம்’ பொருந்தாது. இணைச் சொல் வேண்டும் என்பதற்காகத் தமிழ் வாசகரைத் திணற வைக்க வேண்டாம்.

இழையில் வந்த வேறு இரண்டு யோசனைகளான ‘படர்கல்வி’, ‘அறிவுப் பரம்பல்’ இரண்டும் அழகாகவே இருக்கின்றன. பரம்பல் புவியியல் பாடத்தில் ஏற்கெனவே வேலைக்கு அமர்ந்துவிட்டது. குடிப்பரம்பல் படித்த மாணவன் அறிவுப் பரம்பலை வரைபடத்தில் தேடுவான். படர்கல்வி பற்றிய என் தயக்கம் வேறு. இந்தப் பணி முழுக்கக் கல்வி அன்று. மண் பரிசோதனை, ஆலோசனை, செய்துகாட்டல், சில வேளைகளில் உழவர் சொல்லும் சிக்கலைக் கேட்டு ஆராய்ச்சி நிலையத்துக்குக் கொண்டுபோவது, எல்லாம் இதில் அடங்கும். கல்வி என்ற சொல்லைக் கட்டினால் ஒருவர் பேச மற்றவர் கேட்கும் காட்சியே மனதில் நிற்கிறது.

ஆகவே என் முன்மொழிவு: விரிபணி.

ஊறுகாய், சுடுசோறு போல இது வினைத்தொகை. விரிந்த பணி, விரிகின்ற பணி, விரியும் பணி என்று மூன்று காலத்துக்கும் இடம் கொடுக்கும். திருகோணமலைக்காரருக்குக் கொட்டியார விரிகுடா தெரியும் என்பதால் இந்த அமைப்பு அந்நியமாகத் தோன்றாது. ‘விரிவுரை’யோடு வேர் உறவு இருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, தமிழ்நாட்டில் ஏற்கெனவே வழங்கும் ‘விரிவாக்கப் பணி’யின் சுருக்கமாகவும் இதைப் படிக்கலாம். பழகிய சொல்லை யாரும் கைவிட வேண்டியதில்லை, இறுக்கிச் சுருக்கினால் போதும். பல்கலைக்கழக விரிபணி என்றால் கட்டடம் நினைவுக்கு வராது, ஏனென்றால் பணியைச் செய்ய ஆள் வேண்டும். சொல்லுக்குள்ளேயே மனிதர் வந்துவிடுகிறார்.

கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. விரிபணியாளர், விரிபணி நிலையம், விரிபணி உத்தியோகத்தர், கூட்டு விரிபணிச் சேவை. ‘விரிபணிப்பாளர்’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. இலங்கையில் பணிப்பாளர் என்றால் திணைக்களத் தலைவர். ஊருக்குப் போகும் இளம் அலுவலரை அந்த நாற்காலியில் அமர்த்திவிடுவோம்.

> அரசாங்க ஆவணங்களில் ‘விரிவாக்கல்’ என்றே இருக்கும்போது நாம் வேறு சொல் போட்டால் குழப்பம் வராதா?

நிறுவனப் பெயர்களைத் தொட வேண்டாம் என்பதே என் கருத்து. பேராதனையில் விவசாய விரிவாக்கல் துறை இருந்தால் அது அப்படியே அச்சாகட்டும். பொதுப்பெயர் வரும் இடத்தில் மட்டும் விரிபணி. இயற்பியலையும் பௌதிகவியலையும், வேதியியலையும் இரசாயனவியலையும் ஒன்றாகப் புரிந்துகொள்ளும் வாசகர்கள் இதையும் தாங்குவார்கள். மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த சாமுவேல் கிறீன் தன் மாணவர்களுக்காகக் கலைச்சொற்களை ஆக்கியபோதும், கையில் இருந்த வேலைக்கு ஏற்ற சொல் எது என்பதே கேள்வியாக இருந்தது. அட்டையைக் கையில் எடுப்பவருக்கு ஒரு நொடியில் பொருள் விளங்குகிறதா என்பதே நமக்கும் உரைகல்.

ஒன்றை மறைக்கக் கூடாது. வயலிலிருந்து ஆராய்ச்சி நிலையத்துக்குத் திரும்பி வரும் வழியை விரிபணி என்ற சொல் காட்டவில்லை. ‘இருவழி’ என்று சேர்க்கலாம் என்ற யோசனை வந்தது. சொல் நீண்டு நொண்டும். அதை அட்டையின் பின்பக்க விளக்கத்தில் சொல்லிவிடலாம்.

கடைசியாக, இத்தகைய வினா விளையாட்டைக் குறிக்கும் ‘ட்ரிவியா’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ். வினாடி வினா என்றால் வேகப் போட்டி. வானொலியும் மணியோசையும் நினைவுக்கு வரும். நம் விளையாட்டில் நிதானமாகப் பேசலாம், கலந்து ஆலோசிக்கலாம். ஆகவே ‘துணுக்கு வினா’வை ஆதரிக்கிறேன். பத்திரிகைத் துணுக்கு படித்து வளர்ந்தவர்கள் நாம், விளக்கமே தேவைப்படாது. தொகுதியின் பெயராக ‘முச்சந்தி’யை முன்மொழிந்த தம்பிக்கு என் முழு ஆதரவு. ‘ட்ரிவியா’வின் இலத்தீன் மூலச்சொல்லின் பொருளும் மூன்று வழிகள் கூடும் இடம்தான். இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி ஆகிய மூன்று தொடக்கப் பாடங்களுக்கும் அதே வேரில் பெயர் இருந்தது. ‘முச்சந்தியில் நிறுத்துவது’ என்றால் அவமானம் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். முச்சந்திப் பிள்ளையாரும் அங்கேதான் இருக்கிறார் ஐயா. எல்லோரும் கடந்து போகும் இடத்துக்குப் பல்கலைக்கழகம் வந்து நிற்கிறது என்பதைவிடப் பொருத்தமான படம் நம் பெட்டியின் மேல் வேறு என்ன இருக்க முடியும்?

ஏற்றுக்கொண்டால் முதல் அட்டையின் வாசகம் இப்படி அமையும்:

‘விரிபணி: பல்கலைக்கழகத்திலும் ஆராய்ச்சி நிலையத்திலும் உருவாகும் அறிவை, அங்கே மாணவராகப் பதியாத மக்களிடம் கொண்டுசென்று, அவர்களின் சிக்கல்களைத் திரும்பக் கொண்டுவரும் பணி. வினா: உங்கள் ஊரில் இந்தப் பணியைச் செய்த ஒருவரைச் சொல்லுங்கள்.’

இந்த அட்டைக்கு விடைப்பக்கம் கிடையாது. விளையாடுபவர்களே ஒத்துக்கொண்டால் புள்ளி.

வவுனியா, கிளிநொச்சி நண்பர்கள் விவசாயப் போதனாசிரியர் யாரிடமாவது ‘விரிபணி’யைச் சொல்லிப் பார்த்து, அவர் என்ன புரிந்துகொண்டார் என்பதை எழுதினால் மிகவும் உதவியாக இருக்கும். மறுப்புகள் வெள்ளிக்கிழமைக்குள் வரட்டும். சனிக்கிழமை கோப்பை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

அன்புடன்,
கொழும்பு 06இலிருந்து