பானத்தில் இட்ட சர்க்கரைக்கு ஒரு சொல்

பொருள்: ‘சுகர் ஸ்வீட்டன்டு பெவரேஜ்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

பல் மருத்துவ முகாமுக்காக ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். இரண்டு வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறது. உங்கள் உதவி வேண்டும்.

விஷயம் இதுதான். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2025 மார்ச்சில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ‘ஜாமா’ குழும இதழ் ஒன்றில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் செவிலியர் உடல்நல ஆய்வின் இரண்டு தொகுதிகளிலிருந்து 1,62,602 பெண்களின் தரவை எடுத்திருக்கிறார்கள். அவர்களில் 124 பேருக்கு வாய்க்குழிப் புற்றுநோய் வந்திருந்தது. தலைப்பில் உள்ள வகைப் பானத்தை, அதாவது சர்க்கரை சேர்த்த பானத்தை, நாளுக்கு ஒன்றோ அதற்கு மேலோ குடித்தவர்களுக்கு, மாதத்துக்கு ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட 4.87 மடங்கு இடர். புகையும் மதுவும் அறவே இல்லாத, அல்லது மிகக் குறைவாக உள்ள பெண்களை மட்டும் தனியே பார்த்தபோதும் 5.46 மடங்கு.

மடங்கைப் பார்த்துப் பதற வேண்டாம். அதிகம் குடித்தவர்களிடையே நோய் 1 லட்சத்துக்கு 5 பேர் என்ற அளவுதான். நோயுற்றவர்கள் 124 பேரே என்பதால் அந்த 4.87 கூட 2.47 முதல் 9.60 வரை எங்கேயும் இருக்கலாம். ஆய்வாளர்கள் சொல்வது தொடர்பு. காரணம் என்று அவர்கள் சொல்லவில்லை. ஈறு நோய் வழியாகவோ வாயில் வாழும் நுண்ணுயிர்களின் மாற்றம் வழியாகவோ இது நடக்கலாம் என்பது இன்றைக்குக் கருதுகோள் மட்டுமே.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘இனிப்புப் பானம்’ என்று எழுதிப் பார்த்தேன். மேசையில் மூன்று குவளைகள் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள்: இளநீர், பன்னீர் சோடா, டயட் கோலா. மூன்றும் நாக்குக்கு இனிப்புத்தான். நமக்கு வேண்டியது நடுவில் இருப்பது மட்டும். இளநீரின் இனிப்பு காய்க்குள்ளேயே இருப்பது. டயட் கோலாவில் இனிப்பு உண்டு, சர்க்கரை கிடையாது. ‘இனிப்பூட்டிய பானம்’ என்றால் இளநீர் வெளியே போய்விடும், ஆனால் டயட் கோலா உள்ளே நின்றுகொள்ளும். ‘குளிர்பானம்’ என்றால் மோரும் வந்துவிடும். சூடாகக் குடிக்கும் சர்க்கரைக் கரைசல்களெல்லாம் தப்பிவிடும்.

‘சர்க்கரைப் பானம்’ சரியாக வரும் என்று நினைத்து, காத்திருந்த ஒரு அம்மாவிடம் காட்டினேன். “இது சர்க்கரைக்காரங்க குடிக்கிறதா டாக்டர்?” என்று கேட்டார். அத்தோடு அதை அடித்துவிட்டேன்.

எங்கள் ஊர் வழக்கப்படி ‘சீனிப்பானம்’ என்று வைக்கலாமா?

– பல் மருத்துவர், திருநெல்வேலி

———

மறு: ‘சுகர் ஸ்வீட்டன்டு பெவரேஜ்’

வணக்கம் டாக்டர்.

எங்க கொங்குப் பக்கம் வெள்ளைச் சர்க்கரையைப் பெரியவங்க ‘அஸ்கா’ம்பாங்க. ஒடிசாவுல ஆலை இருந்த ஊரோட பேரு, மூட்டையோட இங்க வந்து ஒட்டிக்கிச்சு. வெறுமனே ‘சர்க்கரை’ன்னா எங்க வீட்டுல இன்னும் நாட்டுச் சர்க்கரைதான். சர்க்கரைப் பொங்கலுக்கு யாரும் அஸ்கா போடறதில்லையே.

‘சீனி’ன்னு போட்டா ஒரு ஆபத்து இருக்குங்க. “சீனிதானே கெடுதல், நான் வெல்லம்தான் போடறேன், கருப்பட்டிதான் போடறேன்”னு படிக்கிறவங்க தப்பிச்சுக்குவாங்க. பானகம் என்ன பானம்? தண்ணியில வெல்லத்தைக் கரைச்சதுதானே. உங்க அறிவியல்ல வெல்லத்துக்கு விலக்கு உண்டா?

இன்னொண்ணு. ‘சர்க்கரை புற்றுநோய்க்குத் தீனி’ன்னு வாட்ஸாப்புல வருதே, அதையே சுருக்கமா எழுதிட்டா மக்களுக்குச் சட்டுனு புரியாதுங்களா?

– கோயம்புத்தூர்

———

மறு: ‘சுகர் ஸ்வீட்டன்டு பெவரேஜ்’

டொக்டர் ஐயாவுக்கு வணக்கம்.

‘சீனி’ எங்களுக்கு ஒத்துவராது. இங்கே நீரிழிவைச் சலரோகம் என்பார்கள். ‘சீனி வருத்தம்’ என்றும் பேச்சில் சொல்லுவார்கள். உங்களுக்குச் சர்க்கரையில் வந்த சிக்கல் எங்களுக்குச் சீனியில் வரும். மென்பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறத்தால் காட்டும் முறை இலங்கையில் 2016 இல் தொடங்கியது. அது பொருளைக் குறிக்கிறது, நல்லது. ஆனால் ‘சீனிப்பானம்’ என்ற தொடர் வேறு.

கலைச்சொல் என்றால் இரண்டு கரைக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டுமே.

நீங்கள் மூன்று குவளை வைத்தீர்கள். நான் நாலாவது ஒன்று வைக்கிறேன். எங்கள் அம்மம்மா வெறுந்தேத்தண்ணியைக் குடிப்பா, கையில் பனங்கட்டித் துண்டு. ஒரு கடி, ஒரு மிடறு. கோப்பைக்குள் இனிப்பே இல்லை. வாய்க்குள் இருக்கிறது. அது உங்கள் பானமா, இல்லையா?

– யாழ்ப்பாணம்

———

மறு: ‘சுகர் ஸ்வீட்டன்டு பெவரேஜ்’

அன்புடையீர்,

சிக்கல் பெயர்ச்சொல்லில் இருப்பதாக எல்லோரும் தேடுகிறீர்கள். சர்க்கரை, சீனி, அஸ்கா, எதை எடுத்தாலும் ஓர் ஊரில் இடறுகிறது. சர்க்கரையை அப்படியே வைத்துக்கொண்டு வினையைத் தேடுங்கள். இளநீரையும் சோடாவையும் பிரிப்பது ஒருவர் கை வைத்துப் போட்ட செயல்தானே?

‘இடுசர்க்கரை’ என்று ஆகட்டும். உழவில் ‘இடுபொருள்’ என்று உரத்தையும் விதையையும் சொல்கிறோம், யாருக்கும் புரியாமல் போனதில்லை. ஊறுகாய், சுடுநீர் போல இதுவும் வினைத்தொகை. வல்லினம் மிகாது, ‘இடுச்சர்க்கரை’ என்று எழுதிவிட வேண்டாம். பானத்தோடு சேரும்போது மட்டும் ‘இடுசர்க்கரைப் பானம்’.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

———

மறு: ‘சுகர் ஸ்வீட்டன்டு பெவரேஜ்’

ஐயா, உங்கள் மடலை நேற்றிரவு நான்கு முறை படித்தேன்.

நீங்கள் சொன்னது இலக்கணம். அதற்குள் மருத்துவ வரையறையே இருப்பதை நீங்கள் கவனித்தீர்களா தெரியவில்லை. உலக நலவாழ்வு அமைப்பின் 2015 வழிகாட்டுதல், உணவில் சேர்க்கப்படும் சர்க்கரையைச் சொல்லும்போது மூன்று பேரைக் குறிப்பிடுகிறது: தயாரிப்பாளர், சமைப்பவர், உண்பவர். ஆலையிலேயே இட்டது, டீக்கடைக்காரர் இடுகிறது, நாம் கையால் இன்னொரு கரண்டி இடப்போவது. வினைத்தொகை மூன்று காலத்துக்கும் விரியும் என்று பள்ளியில் படித்தோமே, அது இந்த மூவருக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆங்கிலத்தில் ‘ஆடட்’ என்றால் சேர்த்து முடிந்தது மட்டும்தான். நம் சொல் அதைவிட அகலமானது. எனக்கு இது பெரிய மகிழ்ச்சி.

அந்த அம்மா மறுபடி வந்தபோது ‘இடுசர்க்கரைப் பானம்’ என்று எழுதிக் காட்டினேன். ஒரு கணம் யோசித்துவிட்டு, “சர்க்கரை போட்ட தண்ணியா?” என்றார். போதும். நோயை யாரும் இடுவதில்லை. அதனால் அந்தக் குழப்பமும் வரவில்லை.

கோயம்புத்தூர் நண்பருக்கு: வெல்லத்துக்கு விலக்கு இல்லை. கருப்பட்டி, வெல்லம், அஸ்கா எதை இட்டாலும் இடுசர்க்கரைதான். பானகமும் இந்தக் கணக்கில் வரும். ‘தீனி’ என்று மட்டும் எழுத மாட்டேன். ஆக்சிஜன் இருக்கும்போதே புற்றணுக்கள் குளுக்கோஸை அள்ளி எடுத்து லாக்டிக் அமிலமாக்குவதை 1920களில் ஜெர்மானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் கண்டார். பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதும் அது குளுக்கோஸை இழுப்பதால்தான். ஆனால் இரத்தத்தில் குளுக்கோஸ் சோற்றிலிருந்தும் வரும், இட்லியிலிருந்தும் வரும், பட்டினி கிடந்தால் ஈரலே செய்து கொடுக்கும். ‘தீனி’ என்று படித்துவிட்டு, சிகிச்சையில் இருக்கும் நோயாளி சாப்பாட்டைக் குறைத்து எடை இழப்பதை நான் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் ஆளை மெலியவைக்கும்.

யாழ்ப்பாணத்து அம்மம்மாவின் கோப்பை நியாயமான கேள்வி. சொல் பானத்தைக் குறிப்பதால் அந்தத் தேத்தண்ணி இடுசர்க்கரைப் பானம் இல்லை. பனங்கட்டியின் சர்க்கரை உணவுக் கணக்கில் ஏறும். ஆனால் பல்லும் ஈறும் கோப்பையைப் பார்ப்பதில்லை, வாயைத்தான் பார்க்கின்றன. எனவே, துண்டறிக்கையில் பல் சொத்தை பற்றிய பகுதியில் பனங்கட்டிக்கு ஒரு வரி தனியே எழுதுகிறேன்.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முதல் வரைவைப் படித்த ஒருவர், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர், “அப்போ புகையிலையவிட சோடாதான் மோசமா?” என்று கேட்டார். முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு உள்ளே பகீரென்றது. இந்தியாவில் 2022இல் மட்டும் 1,40,000க்கு மேற்பட்டோருக்கு உதடு, வாய்க்குழிப் புற்று புதிதாக வந்ததாக உலகப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீடு. இங்கே பெரும் காரணம் புகையிலையும் பாக்கும். புகையிலை இல்லாத வெறும் பாக்கையே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் வகைப் பொருளாக அந்த முகமை 2004இல் வெளியிட்ட தொகுதி சொல்கிறது. பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் இனிப்புப் பாக்கில் சர்க்கரை இருக்கிறதே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்; பாக்கு இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டும். ஆகவே புகையிலையும் பாக்கும் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில். இடுசர்க்கரைப் பானம் இரண்டாம் பக்கத்தில், இந்த வாசகத்தோடு:

“இடுசர்க்கரைப் பானத்தை நாள்தோறும் குடித்த அமெரிக்கப் பெண்களிடையே வாய்ப்புற்று கூடுதலாகக் காணப்பட்டது. இது காரணமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. பல் சொத்தைக்கு இது காரணம் என்பது உறுதி.”

‘இடர்க்காரணி’ என்ற சொல்லை வேண்டுமென்றே தவிர்த்தேன். ‘காரணி’ என்று கேட்டதும் ‘காரணம்’ என்றே மனத்தில் பதிகிறது.

மிச்சம் ஒன்று இருக்கிறது. பழச்சாறு. யாரும் எதையும் இடவில்லை, ஆனால் பிழிந்ததும் சர்க்கரை பழத்தின் நாரை விட்டு வெளியே வந்துவிடுகிறது. அமெரிக்க ஆய்வுகள் பலவும் சர்க்கரை சேர்க்காத சாற்றைத் தனியாக வைக்கின்றன; உலக நலவாழ்வு அமைப்பு சாற்றையும் தேனையும் ‘ஃப்ரீ சுகர்ஸ்’ என்று இடுசர்க்கரையோடு ஒரே கூடையில் போட்டு, நாள் முழுக்க உண்ணும் ஆற்றலில் அது 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கட்டும் என்கிறது. அந்தப் பெரிய கூடைக்கு ‘விடுசர்க்கரை’ எனலாமா? திசுவிலிருந்து விடுபட்ட சர்க்கரை. ‘கட்டற்ற சர்க்கரை’யைவிட நாவுக்கு எளிது, இடுசர்க்கரைக்கு இணையாகவும் நிற்கும். ஆனால் இலங்கையில் ‘விடு’ என்றால் ஊற்று என்றும் பொருள் வருமே, பால் விட்ட தேத்தண்ணி என்பார்களே. அங்கே அது எப்படிக் கேட்கும்?

அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். பழச்சாறு வரியை மட்டும் வெற்றிடமாக விட்டிருக்கிறேன்.

– திருநெல்வேலி