த்ரெட் மாறும்போது 14 ரெஜிஸ்டர்கள் மட்டும் ஏன்?

உறுப்பினர், கோரிப்பாளையம்:

இறுதியாண்டு மாணவர்கள் சிலருடன் சனிக்கிழமை மாலைகளில் எக்ஸ்வி6 கெர்னலை வரிவரியாகப் படித்து வருகிறோம். அமெரிக்காவின் எம்ஐடி கற்பித்தலுக்காகவே உருவாக்கிய கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) அது. ஒரு த்ரெட்டை (நிரலின் ஒரு தனி ஓட்டத்தை) நிறுத்தி இன்னொன்றுக்கு மாற்றும் அசெம்பிளி நிரலுக்கு வந்தபோது ஒரு மாணவி, "ரிஸ்க்-ஃபைவ் செயலியில் மதிப்புகளை வைக்க 32 ரெஜிஸ்டர்கள் இருக்க, இது 14-ஐ மட்டும் சேமிக்கிறதே சார், மற்றவை அழிந்துபோகாதா?" என்று கேட்டார். இந்தப் பாடத்தில் அதைவிட நல்ல கேள்வியை நான் கேட்டதில்லை.

கெர்னலுக்குள் த்ரெட் மாற்றம் ஒரு சாதாரண ஃபங்ஷன் அழைப்பாகவே நடக்கிறது. ஏ0 முதல் ஏ7 வரையும் டி0 முதல் டி6 வரையும் உள்ள ரெஜிஸ்டர்கள் அழைப்பு முடிந்து திரும்பும்போது மாறியிருக்கலாம் என்பது அழைப்பு மரபு என்பதால், அவற்றில் பின்னர் தேவைப்படும் மதிப்பு எதுவும் இருந்தால் கம்பைலரே அதை முன்கூட்டி அந்த த்ரெட்டின் ஸ்டாக் என்னும் நினைவகப் பகுதியில் வைத்துவிடுகிறது. ஆகவே எஸ்0 முதல் எஸ்11 வரையிலான 12 ரெஜிஸ்டர்களையும், ஸ்டாக் சுட்டியையும், திரும்பும் முகவரியையும் காத்தால் போதும். அடுத்து ஓடவேண்டிய கட்டளையைக் காட்டும் புரோகிராம் கவுண்டரைத் தனியே சேமிப்பதில்லை. திரும்பும் முகவரியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. புதிதாகப் பிறக்கும் த்ரெட்டுக்கு அந்த இடத்தில் ஃபோர்க்ரெட் ஃபங்ஷனின் முகவரியை எழுதி வைத்திருப்பதால், தான் ஒருபோதும் புறப்படாத இடத்துக்கு அது முதன்முறையாகத் 'திரும்புகிறது'. டீபக்கரில் அதைக் கண்ணால் கண்ட பிறகே எல்லோருக்கும் ஐயம் நீங்கியது.

பயனர் நிரலை டைமர் போன்ற வன்பொருள் எழுப்பும் இன்டரப்ட் குறுக்கிடும்போது இந்தச் சலுகை கிடையாது. எந்தக் கட்டளையிலும் அது நேரலாம் என்பதால், எப்போதும் சுழியாகவே இருக்கும் ஒன்றைத் தவிர மற்ற 31-ஐயும் சேமித்தாக வேண்டும்.

உறுப்பினர், திருமங்கலம்:

ஐயா சொன்ன இன்டரப்ட் பற்றி ஓர் அனுபவத்தைச் சேர்க்கிறேன். எங்கள் பகுதி மாணவர் ஒருவர் 64-பிட் இன்டெல் கணினிக்கு எழுதிய சிறு கெர்னலில், இன்டரப்ட் நிரல் எல்லா ரெஜிஸ்டர்களையும் முறையாகச் சேமித்தும், ஒரு கணக்கின் விடை எப்போதாவது தவறாக வந்தது. டைமரை நிறுத்தினால் சரியாக வந்தது. கம்பைலர் உருவாக்கிய அசெம்பிளியைப் பார்த்ததில், அந்த ஃபங்ஷன் ஸ்டாக் சுட்டியை நகர்த்தாமலேயே அதற்குக் கீழே தன் மாறிகளை வைத்திருந்தது தெரிந்தது. அந்தக் கம்பைலர் பின்பற்றும் சிஸ்டம் வி அழைப்பு மரபு இதற்காக 'ரெட் ஸோன்' என்னும் 128 பைட்டுகளை விட்டுவைக்கிறது. ஆனால் கெர்னல் ஓடும்போது வரும் இன்டரப்டுக்காகச் செயலி அதே ஸ்டாக்கில் தன் தகவல்களை எழுதுவதால், அந்த இடம் மேலெழுதப்பட்டுவிடுகிறது. ரெட் ஸோன் வேண்டாம் என்னும் தெரிவைக் கம்பைலருக்குக் கொடுத்ததும் பிழை மறைந்தது. லினக்ஸ் கெர்னலும் அதே தெரிவுடன்தான் கம்பைல் ஆகிறது.